எந்தக் கல்சியம் தூள் என்று கேட்பதற்கு முன்: மலைநாட்டுக் குளிரில் ஓணான் வளர்ப்பும் பூச்சித் தீனியும்

தலவாக்கலைக்கு அருகிலிருந்து சகோதரி ஒருவர் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் எழுதிப் பார்க்கிறேன். ஐந்து மாத வயதுள்ள பியர்டெட் டிராகன், அதாவது அவுஸ்திரேலியத் தாடி ஓணான் ஒன்றை, மகனின் பிறந்தநாளுக்கு மாமா கொழும்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். கண்ணாடித் தொட்டியில், ஜன்னலோரமாக, வெயில் படும் இடத்தில் வைத்து வளர்க்கிறார்கள். தினமும் வயிறு நிறைய மீல்வோர்ம் புழுக்களைத் தின்கிறது. ஆனால் இரண்டு கிழமையாக முன்கால் விரல்கள் துடிக்கின்றன. எழுந்து நிற்காமல் வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு நகர்கிறது. கடைக்காரர் கல்சியக் குறைபாடு என்கிறார். எந்தத் தூளை எவ்வளவு தூவ வேண்டும், கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் கொடுத்த கல்சியம் குளிசை வீட்டில் மிச்சமிருக்கிறதே, அதைப் பொடித்துப் போடலாமா, இவ்வளவு தொல்லைக்குப் பதிலாக இங்குள்ள குளிருக்குப் பழகிய கொம்பு ஓணானையே மகன் வளர்த்தால் என்ன என்பவை அவருடைய கேள்விகள். எழுத்தில் இருப்பது தூளைப் பற்றிய கேள்விதான் என்றாலும், வயிறு நிறையத் தின்னும் ஒரு பிராணிக்கு எலும்பு ஏன் இளகுகிறது என்பதே அவர் உண்மையில் கேட்பது என்று நினைக்கிறேன். அதற்குத்தான் இங்கே பதில் எழுதுகிறேன்.

நான் பேராதனையில் படித்த மிருக வைத்தியன். இருபது வருடங்களுக்கு மேலாக மலைநாட்டில் தொழில் பார்க்கிறேன். என்னிடம் வருபவை பெரும்பாலும் கறவைப் பசுக்களும் ஆடுகளும் நாய்களுமே. ஓணான், பல்லி வகைகள் மாதத்துக்கு இரண்டு மூன்று வந்தால் அதிகம். ஆகவே இவற்றையே முழு நேரமாகப் பார்க்கும் ஒருவரின் அனுபவம் எனக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதோடு, நீங்கள் எழுதிய விவரத்தை வைத்து மட்டும் நோயை நான் உறுதிசெய்ய முடியாது. விரல் துடிப்பு, உடலைத் தூக்க முடியாமை, ஐந்து மாத வயது, புழு மட்டுமே தீனி என்ற நான்கும் சேர்ந்து வரும்போது, எலும்பிலிருந்து கல்சியம் கரைந்துபோகும் நோயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். துடிப்பு என்பது இரத்தத்தில் கல்சியம் இறங்கிவிட்டதன் அறிகுறியாக இருக்கக்கூடும். இந்தப் பதிலை வாசித்து முடித்துவிட்டு ஒரு மாதம் தூள் தூவிப் பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். இந்தக் கிழமையே ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். தூக்கும்போது வயிற்றுக்கும் காலுக்கும் அடியில் முழு உள்ளங்கையையும் கொடுத்துத் தூக்குங்கள். வாலையோ காலையோ பிடித்து இழுக்க வேண்டாம். இந்த நிலையில் எலும்பு பச்சைக் கிளைபோல வளையும், சில வேளை முறிந்தும் போகும்.

இனி தீனிக்கு வருவோம். பூச்சியின் உடம்புக்குள் எலும்பு இல்லை. அதன் மேலோடு கைற்றின் என்னும் பொருளாலும் புரதத்தாலும் ஆனது. முட்டைக்கோதைப்போலவோ நண்டின் ஓட்டைப்போலவோ அதில் கல்சியம் படிந்திருப்பதில்லை. ஆனால் தசையும் கலங்களும் நிறைந்த உடம்பு என்பதால் பொசுபரசு தாராளமாக உண்டு. ஒரு கிலோகிராம் மீல்வோர்மில் சுமார் 170 மில்லிகிராம் கல்சியம்தான் இருக்கிறது. பொசுபரசோ 2,850 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. அதாவது ஒன்றுக்குப் பதினேழு. சுவர்க்கோழி என்று நூல்களில் சொல்லப்படும் கிரிக்கட் பூச்சியில் கல்சியம் கிலோவுக்கு 400 மில்லிகிராம், பொசுபரசு 2,950 மில்லிகிராம், ஒன்றுக்கு ஏழு. பெரிய சூப்பர்வோர்மும் மெழுகுப் புழுவும் இதே வழிதான், மெழுகுப் புழுவில் கொழுப்பு வேறு கால் பங்கு. வளரும் ஓணானுக்கு வேண்டியதோ இதற்கு நேர்மாறு: பொசுபரசு ஒரு பங்கு என்றால் கல்சியம் குறைந்தது ஒரு பங்கு, நல்லது இரண்டு பங்கு. இரத்தத்தில் கல்சியம் குறைந்து பொசுபரசு ஏறும்போது, கழுத்துப் பகுதியிலுள்ள பராதைரொயிட்டுச் சுரப்பி ஒரு ஓமோனைச் சுரந்து, எலும்பிலிருந்து கல்சியத்தை எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கிறது. இதயமும் நரம்பும் தசையும் நிற்காமல் இயங்குவதற்காக உடம்பு எலும்பை அடகு வைக்கிறது. அதனால்தான் நோய் பாதி முற்றும்வரை இரத்தப் பரிசோதனையில் கல்சியம் சரியாகவே தெரியும். எக்ஸ்ரேயிலும், எலும்பின் சுண்ணச் சத்தில் மூன்றிலொரு பங்கு அளவு கரைந்த பிறகுதான் வெளிறல் கண்ணுக்குப் படும். வயிறு நிறையத் தின்னும் பிராணி நோயாளியாவதன் இரகசியம் இதுதான். தின்னத் தின்ன, கல்சியத்தோடு சேராத பொசுபரசு கூடிக்கொண்டே போகிறது.

எவ்வளவு தூள் வேண்டும் என்பதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். நடுத்தர மீல்வோர்ம் பத்து, ஏறக்குறைய ஒரு கிராம் எடை. அந்தப் பத்துப் புழுவிலும் சேர்த்துக் கல்சியம் 0.17 மில்லிகிராம், பொசுபரசு 2.85 மில்லிகிராம். இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் வர வேண்டுமானால் இன்னும் ஐந்தரை மில்லிகிராம் கல்சியம் சேர வேண்டும். கல்சியம் காபனேற்றின் எடையில் நூற்றுக்கு நாற்பது பங்கு கல்சியம் என்பதால், பதினான்கு மில்லிகிராம் தூள் போதும். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பே இதைப்போலப் பல மடங்கு இருக்கும். ஆகவே, கோதுமை மாவில் உருட்டிய பலகாரம்போலப் புழுவை வெள்ளையாக்கிக் கொடுப்பதில் எந்த அர்த்தமும் இல்லை. அப்படிக் கொடுத்தால் ஓணான் ஒரு தடவை நக்கிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். ஒரு பிளாஸ்டிக் பையில் புழுக்களைப் போட்டு, மெல்லிய படலமாக ஒட்டும் அளவுக்குத் தூளைச் சேர்த்து ஒரு தடவை குலுக்கினால் போதும். தூவியதும் உடனே கொடுக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். கிரிக்கட் பூச்சி தன் உடம்பைத் தானே துடைத்துச் சுத்தம் செய்யும். தொட்டியின் மூலையில் ஒளிந்து சில மணி நேரம் கழித்துப் பிடிபடும் பூச்சியில் நீங்கள் தூவியது அநேகமாக இருக்காது. வழவழப்பான மீல்வோர்மிலும் தூள் நெடுநேரம் நிற்பதில்லை.

எந்தத் தூள் என்றால், மாவைப்போல நைசாக அரைத்த சுத்தமான கல்சியம் காபனேற்று. ஊர்வனவற்றுக்கென்று விற்கும் விலை கூடிய டப்பாக்களில் பெரும்பாலும் இருப்பது அதுதான். பொசுபேற்று கலந்த கல்சியம் தூள் வேண்டாம். பொசுபரசு ஏற்கெனவே போதும் போதும் என்று இருக்கிறது. டப்பா கிடைக்காவிட்டால் முட்டைக்கோதைக் கொதிக்கவைத்து, உள்தோலை உரித்து, நன்றாகக் காயவைத்து அரைத்து, மெல்லிய துணியில் சலித்து எடுங்கள். அதில் கிட்டத்தட்ட முழுவதும் கல்சியம் காபனேற்றுத்தான். குருவிக்கூட்டில் தொங்கவிடும் கணவாய் ஓடும் அப்படியே. துகள் பெரிதாக இருந்தால் பூச்சியில் ஒட்டாது என்பதைத் தவிர வேறு குறை இல்லை. கிளினிக் குளிசை பெரும்பாலும் கல்சியம் லக்டேற்று. 300 மில்லிகிராம் குளிசையில் உண்மையான கல்சியம் சுமார் 39 மில்லிகிராம்தான். அது விஷமில்லை, ஆனால் தூவுவதற்குப் பலவீனமானது. அதே பலன் கிடைக்க மூன்று மடங்குத் தூள் ஒட்ட வேண்டும். இரும்புச்சத்தோ வேறு எதுவுமோ கலந்த குளிசை என்றால் தொடவே வேண்டாம்.

இந்த இடத்தில் இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டையும் நம் பக்கத்து வீடுகளில் நான் நேரில் கண்டிருக்கிறேன். முதலாவது வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு. அதுவும் கல்சியம்தானே என்று ஒரு பெரியவர் விரல்நுனியால் புழுவில் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அது நீற்றிய சுண்ணாம்பு, கல்சியம் ஐதரொட்சைட்டு. கடுமையான காரம், சிறிய ஓணானின் வாயையும் தொண்டையையும் வேகவைத்துவிடும். இரண்டாவது தேயிலை மலைக்குப் போடும் டொலமைட். மண்ணின் புளிப்பைக் குறைக்கத் தோட்டங்களில் மூட்டை மூட்டையாக வந்து இறங்குவதால் எந்த வீட்டிலும் ஒரு டின்னில் கொஞ்சம் இருக்கும். அது கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்த காபனேற்று. மண்ணுக்கென்று அரைக்கப்படுவதால் அதில் கலந்திருக்கும் பார உலோகங்களைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. மண்ணுக்கானது மண்ணுக்கே போகட்டும்.

தூவுவது வெளிப்பூச்சு. பூச்சியின் குடலை நிரப்பிக் கொடுப்பது இன்னொரு வழி, நான் அதிகம் நம்புவதும் அதைத்தான். ஓணான் தின்னும்போது புழுவை மட்டும் தின்பதில்லை, புழுவின் வயிற்றிலிருக்கும் சாப்பாட்டையும் சேர்த்தே தின்கிறது. முட்டைக்கோழித் தீனியில் ஏறக்குறைய 4 சதவீதம் கல்சியம் உண்டு. கோழி தோல் முட்டை இடாமல் இருப்பதற்காக அப்படிக் கலக்கிறார்கள். ஆனால் பூச்சியின் குடல் வழியாக விகிதத்தைத் திருப்ப அது போதாது, 8 சதவீதத்துக்கு மேல் வேண்டும். 100 கிராம் முட்டைக்கோழித் தீனியை மிக்சியில் மாவாக அடித்து, 15 கிராம் கல்சியம் காபனேற்றைக் கலந்தால் அந்த அளவு வந்துவிடும். அதைப் பூச்சிகளுக்கு, ஓணானுக்குக் கொடுப்பதற்கு முந்திய ஒன்று முதல் மூன்று நாட்களுக்கு மட்டும் கொடுங்கள். ஈரத்துக்கு ஒரு துண்டு கரட் வையுங்கள். அதற்கு மேல் நீடித்தால் பூச்சிகளே சாகத் தொடங்கும், அவ்வளவு சுண்ணம் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. குடலில் இருப்பது கழிவாக வெளியேறிவிட்டால் கல்சியமும் போய்விடும் என்பதால், தீனிப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் கொடுக்க வேண்டும். முருங்கை இலையும் நோக்கோல் இலையும் இந்தப் பெட்டிக்கு நல்லவை. பசளியும் பீட்ரூட் இலையும் கல்சியத்தைத் தம்மோடு கட்டிப்பிடித்து வைத்திருக்கும் ஒக்சலேற்று நிறைந்தவை, தவிர்ப்பது நல்லது. கரட் நிறத்துக்கும் ஈரத்துக்கும் உதவும், கல்சியத்துக்கு அல்ல.

ஆனால் தட்டையான நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் காணாத ஒன்று மலைநாட்டில் இருக்கிறது. பூச்சியும் குளிர்ந்த இரத்தப் பிராணிதான். 28, 30 பாகை செல்சியஸில் ஓயாமல் மென்றுகொண்டிருக்கும் கிரிக்கட் பூச்சி, தலவாக்கலையில் ஜூலை மாதத்து அறை ஒன்றில், 18 பாகையில், அசையாமல் அட்டைத் துண்டின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் மூன்று நாள் முன்பு வைத்த கல்சியத் தீனி வைத்தபடியே இருக்கும். பூச்சியின் வயிறும் வெறுமையாகவே இருக்கும். குடலை நிரப்பிக் கொடுத்ததாக நீங்கள் நினைப்பீர்கள், உண்மையில் கொடுத்திருப்பது வெறும் கூட்டை. தீனிப் பெட்டியைச் சூடான இடத்தில் வையுங்கள். ஹட்டனில் ஒரு பையன் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், சூடு வெளியேறும் இடத்துக்கு மேலே ஒரு தட்டு அடித்து வைத்திருந்தான். லயன் வீடொன்றில் அடுப்புக்கு மேலுள்ள பரணில், புகை நேரே படாதபடி வைத்திருந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்தால் தவிட்டுக்குள் புழு அரைக்கும் சத்தம், மெல்லிய மழைபோலக் கேட்க வேண்டும். கேட்டால் சாப்பிடுகிறது.

இலை விஷயத்தில் என் சொந்த இழப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சந்தையில் கழித்துப் போட்ட கோவா வெளியிலைகளை, பணம் மிச்சம் என்று, கழுவாமல் என் கிரிக்கட் பெட்டியில் போட்டேன். மறுநாள் காலை நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பூச்சிகள் கால்களை மேலே நீட்டிக் கிடந்தன. நம் மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களில் எவ்வளவு மருந்தடிக்கிறார்கள் என்பதை அறிந்தவன்தான் நான். தெரிந்தும் செய்த முட்டாள்தனம். அன்று அவை பெட்டியிலேயே செத்தது நல்லது, அரை உயிரோடு ஓணானின் வயிற்றுக்குள் போகவில்லை. வெளியிலைகளைத் தவிருங்கள், உள்ளிலையையும் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். முடிந்தால் வீட்டு முற்றத்தில் மருந்தடிக்காமல் வளர்த்ததையே போடுங்கள்.

கல்சியம் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தாலும் வேலை முடிவதில்லை. குடலிலிருந்து அது இரத்தத்துக்கு ஏற விற்றமின் டீ3 வேண்டும். பகலில் வெயில் காயும் ஓணான் அதைத் தானே தயாரிக்கிறது: 280 முதல் 315 நனோமீற்றர் வரையிலான கழியூதா பி (UVB) கதிர் தோலிலுள்ள கொலஸ்திரோல் வகைப் பொருளொன்றில் பட்டு அதை மாற்றுகிறது, அப்படி மாறிய பொருள், உடம்பின் சூட்டினால் மெல்ல மெல்ல டீ3 ஆகிறது, பிறகு ஈரலும் சிறுநீரகமும் அதைப் பயன்படக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன. இந்தச் சங்கிலியில் கதிர் ஒரு கண்ணி, சூடு இன்னொரு கண்ணி. சாதாரண ஜன்னல் கண்ணாடி கழியூதா பி கதிரை அநேகமாக முழுவதும் தடுத்துவிடும். ஆகவே, சகோதரி, ஜன்னலோரத்தில் வெயில் படும் இடத்தில் வைத்திருக்கிறோம் என்று நீங்கள் எழுதியதை வாசித்தபோதுதான் எனக்குக் கவலை கூடியது. ஜன்னல் கண்ணாடி ஒன்று, தொட்டிக் கண்ணாடி இன்னொன்று. இரண்டையும் தாண்டி உள்ளே போவது வெளிச்சமும் கொஞ்சம் வெக்கையும் மட்டுமே. அதிலும் வெயில் திடீரென்று ஏறும் நாளில் மூடிய தொட்டி அடுப்பாகிவிடும், நிழல் கிடைக்காத பிராணி ஒரு மணி நேரத்தில் இறந்துபோகும்.

சூட்டைப் பற்றி நான் கற்றுக்கொண்டது வெட்கத்தோடுதான். தொழிலின் ஆரம்ப வருடங்களில் நுவரெலியாவில் ஒரு குடும்பம் இதே போன்ற ஓணானைக் கொண்டுவந்தது. தாடை இரப்பரைப்போல அமுங்கியது. கல்சியமும் டீ3யும் கொடுத்தேன், தீனியை மாற்றச் சொன்னேன், எல்லாம் புத்தகப்படி. ஆறு கிழமை கழித்தும் முன்னேற்றமில்லை. கடைசியில், அருகில் ஒரு பசுவைப் பார்க்கப் போன வழியில் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்து, பையிலிருந்த வெப்பமானியைத் தொட்டிக்குள் வைத்தேன். பகல் பதினொரு மணிக்கு 19 பாகை. மேலே ஒரு மின்குமிழ் எரிந்துகொண்டிருந்தது, வெளிச்சத்துக்கு மட்டும். அந்தப் பிராணியின் பூர்வீகம் அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. வெயில் காயும் இடத்தில் 38 முதல் 42 பாகை வரை அது எதிர்பார்க்கிறது. 19 பாகையில் அதன் குடல் அரைபடாது, உள்ளே போன புழு செரிக்காமல் கிடந்து அழுகும், நான் எழுதிக் கொடுத்த கல்சியம் அப்படியே கழிவோடு வெளியேறும். வெப்பமானியை முதல் நாளே கேட்காத குற்றம் என்னுடையது. அன்றிலிருந்து, தொட்டியின் சூடு எத்தனை என்று கேட்காமல் எந்த ஓணானுக்கும் நான் மருந்து எழுதியதில்லை.

ஆகவே தொட்டியின் ஒரு முனையில் சூடு தரும் குமிழ், அதன் நேர்கீழே கல் அல்லது கட்டை, அங்கே 38 முதல் 42 பாகை; மறுமுனை 24 முதல் 28 பாகை; பிராணி தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். நுவரெலியா, தலவாக்கலை போன்ற இடங்களில் இரவில் 20 பாகைக்குக் கீழே போகாமல் வெளிச்சம் தராத சூடாக்கி ஒன்று வேண்டியிருக்கும், அதைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் விடக்கூடாது. கழியூதா பி குழாய்விளக்கு தனியாக வேண்டும். ஹார்ட்வெயர் கடையில் விற்கும் எந்த வெள்ளை, நீல, ஊதா நிறக் குமிழும் அதற்குப் பதிலாகாது. கொசு கொல்லும் நீல விளக்கை வாங்கிப் பொருத்தியவரையும் எனக்குத் தெரியும். இந்தக் குழாய், வெளிச்சம் குறையாமல் எரிந்துகொண்டிருக்கும்போதே கழியூதா பி கதிரை இழந்துவிடும் என்பதால், தயாரிப்பாளர் சொல்வதற்கேற்ப ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். கம்பி வலைக்கு மேலே வைத்தால் கதிரில் கணிசமான பங்கை வலையே விழுங்கிவிடும்.

இயற்கை வெயில் இவையெல்லாவற்றையும் விடச் சிறந்தது, காசும் வேண்டாம். நாம் நில நடுக்கோட்டிலிருந்து ஏழு பாகை தூரத்தில்தான் இருக்கிறோம். ஆயிரம் மீற்றர் உயர ஏறினால் கழியூதாக் கதிர் ஏறக்குறைய பத்திலொரு பங்கு கூடுகிறது. மேகமில்லாத நாளில் நம் மலை வெயில் கொழும்பு வெயிலைவிடக் கடுமையானது, கொழுந்தெடுக்கப் போகும் எவரையும் கேட்டுப் பாருங்கள். சிக்கல் மேகமும் பனிமூட்டமும்தான். உங்கள் பக்கத்தில் மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, நாள்கணக்கில் வெயிலைக் காணாது. அதே மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம், பண்டாரவளையில், கச்சான் காற்றும் காய்ந்த வெயிலுமாக இருக்கும். ஆகவே பண்டாரவளைக்காரர் ஒருவர் விளக்கே வேண்டாம் என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய ஜூலையும் உங்களுடைய ஜூலையும் வேறு. வெயில் வரும் நாளில் கம்பி வலைக் கூட்டில், பாதிக்கு நிழல் போட்டு, அரை மணி நேரம் வெளியே வையுங்கள். காற்று குளிராக இருந்தாலும் நேர் வெயிலில் அது உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும். காகத்துக்கும் பூனைக்கும் ஒரு கண்.

டீ3யைத் தூளாகவே கொடுத்துவிடலாமே என்ற கேள்வி அடுத்து வரும். இதில் நிச்சயமானதும் ஐயத்துக்குரியதும் கலந்திருக்கின்றன. தாடி ஓணான் குஞ்சுகளில் செய்த ஆய்வுகளில், வாய்வழியாக டீ3 பெற்றவற்றைவிடக் கழியூதா பி விளக்கின் கீழ் வளர்ந்தவற்றின் இரத்தத்தில் டீ3இன் அளவு மிக அதிகமாக இருந்தது. ஆகவே இந்த இனத்துக்கு விளக்கோ வெயிலோதான் பிரதானம் என்று துணிந்து சொல்வேன். இரவில் நடமாடும் லெப்பர்ட் கெக்கோ போன்ற பல்லிகள் தூளிலிருக்கும் டீ3யை வைத்தே பல தலைமுறைகளாக வளர்க்கப்பட்டிருக்கின்றன. ஆனால் கிழமைக்கு எத்தனை தடவை என்பதில் நூலுக்கு நூல் வேறுபாடு. அந்த எண்களுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் வளர்ப்பவர்களின் பழக்கமே, அளந்து பார்த்த ஆராய்ச்சி குறைவு. மிஞ்சினால் ஆபத்து என்பதில் மட்டும் ஐயமில்லை: டீ3 கொழுப்பில் சேர்ந்து தங்கும், அளவு கடந்தால் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாயிலும் சுண்ணம் படியும். நான் சொல்வது இது: டீ3 கலக்காத கல்சியத்தை வளரும் ஓணானுக்குத் தினமும் மெல்லியதாகத் தூவலாம், டீ3யும் மற்ற விற்றமின்களும் கலந்ததை, விளக்கு இருக்கும் வீட்டில், கிழமைக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். விற்றமின் ஏ பற்றியும் இதே எச்சரிக்கை. பூச்சிகளில் அது மிகக் குறைவு, குறைந்தால் கண்ணும் தோலும் கெடும். ஆனால் தேவைக்கு மேல் கொடுத்தால் தோல் உரிந்து புண்ணாகும்.

மீல்வோர்மை மட்டுமே நம்பாதீர்கள். கிடைத்தால் கறுப்புப் படைவீரன் ஈ என்று மொழிபெயர்க்கக்கூடிய ஈயின் புழுவைச் சேருங்கள். இதன் தோலில் கல்சியம் காபனேற்றுப் படிகிறது. பூச்சிகளில் அபூர்வமாக, பொசுபரசைவிடக் கல்சியம் கூடிய தீனி இது. வீட்டுக் குப்பைக் கிடங்கில் தட்டையாக, சாம்பல் நிறத்தில், கோடுகோடாக நெளிவதைக் கண்டிருப்பீர்கள். அதை அப்படியே எடுத்துக் கொடுக்காமல், சுத்தமான தவிடும் பழத்தோலும் போட்டுத் தனியாக வளர்த்துக் கொடுப்பதே பாதுகாப்பு. தேயிலைச் செடியிலும் மரக்கறிப் பாத்தியிலும் பிடித்த வெட்டுக்கிளி வேண்டாம், காரணம் மேலே சொன்ன மருந்து. மின்மினிப் பூச்சியை எக்காரணம் கொண்டும் கொடுக்கக்கூடாது. அமெரிக்க மின்மினிகளிலுள்ள நஞ்சு, இதயத்தைத் தாக்கித் தாடி ஓணான்களைக் கொன்றிருக்கிறது, ஒரே ஒரு பூச்சி போதும். நம் ஊர் மின்மினியில் பரீட்சை செய்து பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. மரவட்டையும் அப்படியே.

உங்கள் ஓணான் பிழைக்குமா என்றால், துடிப்போடு இன்னும் தின்கிறது என்பது நல்ல அடையாளம். ஆனால் ஒரு எதிர்பார்ப்பை மட்டும் திருத்திக்கொள்ள வேண்டும். கன்று ஈன்ற பசு கல்சியம் இறங்கி விழுந்துவிட்டால், நாங்கள் போய் நாளத்தில் ஒரு போத்தல் கல்சியம் ஏற்றுவோம். பெரும்பாலும் வீட்டுக்காரர் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவருவதற்குள் பசு எழுந்து நின்றுவிடும். தோட்டத்தில் இதைப் பார்த்துப் பழகியவர்கள் ஓணானுக்கும் ஓர் ஊசி கேட்கிறார்கள். பசுவுக்கு அன்று குறைந்தது இரத்தத்திலிருக்கும் கல்சியம், எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஓணானுக்கோ மாதக்கணக்கில் எலும்பே கரைந்திருக்கிறது. துடிப்பு கடுமையாக இருந்தால் வைத்தியர் ஊசி போடுவார், அதை வீட்டில் செய்ய முயல வேண்டாம். அதற்குப் பிறகு வாய்வழியாகத் திரவக் கல்சியம், சூடு, கதிர், திருத்திய தீனி என்று இரண்டு மூன்று மாதங்கள் போகும். எலும்பு கெட்டியாகும், வளைந்துபோன தாடையும் முதுகும் வளைந்தபடியே நிற்கும். அதுவரை ஏறி விழக்கூடிய கட்டைகளைத் தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மகன் கொம்பு ஓணானை வளர்த்தால் என்ன என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் வேண்டாம் என்பதே. நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி போன்ற உயர்ந்த மலைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பிராணி அது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் அதைப் பாதுகாக்கின்றன. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். குளிருக்குப் பழகியது என்பது உண்மைதான், ஆனால் பெட்டிக்குள் போட்ட மீல்வோர்மில் கல்சியம் இல்லாத குறை அதற்கும் ஒன்றே. அதேபோல, வளர்க்க முடியவில்லை என்று இந்தத் தாடி ஓணானைத் தேயிலைக்குள் விட்டுவிடவும் கூடாது.

வைத்தியரிடம் போகும்போது நான்கு விவரங்களை எழுதிக்கொண்டு போங்கள்: தொட்டியின் சூடான முனையிலும் குளிர்ந்த முனையிலும் காலை, மதியம், இரவு என்று அளந்த வெப்பநிலை, விளக்கின் பெட்டியில் அச்சிட்டிருப்பது எதுவோ அதன் படம், ஒரு நாளைக்குத் தின்னும் புழுக்களின் எண்ணிக்கை, கடைசியாகக் கழிவு போன நாள். ஓணானைத் துணி விரித்த சிறிய பெட்டியில் வைத்து, வெந்நீர்ப் போத்தலொன்றைத் துவாயில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் வரும்போது ஜன்னல் காற்று நேரே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.